தேய்வதற்கென்றே பிறந்த வளையம்

செங்கல்பட்டு மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலி என்னும் ஊர் இருக்கின்றது. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையொன்று அங்கே 2013-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தருவதற்கென அமைக்கப்பட்ட ஆலை அது. அதனருகிலேயே 15 கோடி லிட்டர் தரவல்ல இரண்டாவது ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. உவர்க்கடல் இனிக்கின்றது என்று நாளேடுகள் எழுதின. செலவிட்ட கோடிகளையும் சவ்வுகளின் நுட்பத்தையும் வியந்தன. வியக்கத் தக்கவையே அவை.

ஆயினும் கடலோரத்துப் பேராலையாகட்டும், சிற்றூரின் கைப்பம்பாகட்டும், நகராட்சியின் சாக்கடை அடைப்பு நீக்கும் வண்டியாகட்டும், நீரை அழுத்தித் தள்ளும் பொறி எதுவாயினும் அதன் உயிர் ஒரு சிறிய இடத்தில் அடங்கியிருக்கின்றது. அசையும் தண்டுக்கும் அசையாத உடலுக்கும் நடுவே உள்ள மயிரிழை இடைவெளியே அவ்விடம். அந்த இடைவெளியை அடைத்து நிற்கும் பொருளைப் பட்டறைக்காரர் ‘பேக்கிங்’ என்பர். சிலர் ‘கிளாண்ட் கயிறு’ என்பர். நாரோ, தோலோ, ரப்பரோ, எதுவாயினும் அது ஒரு வளையம். பொறியின் விலையில் அதன் விலை மிகச் சிறு பங்கே. ஆனால் அது தேய்ந்தபின் மாற்றப்படாவிட்டால் பொறி முழுவதும் வீணாகும். பொறியோடு போகாமல், சில வேளைகளில் மனித உயிரும் போகும்.

இவ்வளையத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் செங்கல்பட்டுச் சீமைக்கும் பங்குண்டு. முஸ்லிம் அறிஞர்களுக்கும் பங்குண்டு.

தோல் சுமந்த நீர்

செங்கல்பட்டு ஏரிகளின் நாடு. ஏரி நீர் எட்டாத நிலங்களுக்குக் கிணறே துணை. ஏற்றத்தாலும் கவலையாலும் நம் முன்னோர் நீர் இறைத்தனர். கவலை என்பது எருதுகள் இழுக்கும் இறைவை. கிணற்றுள் இறங்கி நிறையும் சாலின் அடியில் தோலால் ஆன நீண்ட வாய் தைக்கப்பட்டிருக்கும். எருதுகள் சரிவில் இறங்கும்போது சால் மேலேறும். தோல்வாய் தாழ்ந்து தண்ணீரை வாய்க்காலில் கொட்டும்.

அந்தத் தோல் ஓயாமல் நனைந்தும் உலர்ந்தும் விரைவில் இற்றுப் போகும். சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன், குரோம் உப்பினால் பதனிடும் முறையை 1903 முதல் இங்கே சோதித்துப் பார்த்தார். நீரில் நெடுநாள் தாங்கும் கவலைத் தோல் செய்வது அச்சோதனைகளின் நோக்கங்களுள் ஒன்று. அத்தொழில் வேரூன்றியதன் அடையாளமாகவே, குரோம் தோல் நிறுவனம் இருந்த ஊர் குரோம்பேட்டை என்று பெயர் பெற்றது. அவ்வூர் இன்று 2019-இல் பிரிக்கப்பட்ட செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, பெரியமேடு என்று தோலோடு வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு இப்பெயரின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அதே சாட்டர்டன் எண்ணெய் எஞ்சினையும் பம்பையும் கிணற்றுப் பாசனத்துக்குப் பயன்படுத்தும் முயற்சியிலும் முன்னின்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் செங்கல்பட்டு வட்டாரத்து மேல்ரோசாபுரத்தில் அத்தகைய சோதனை நடந்தது. கவலையிலிருந்து பம்புக்கு மாறிய அந்நாளில்தான் நம் உழவர் புதியதொரு சிக்கலைச் சந்தித்தனர். கவலை நீரைச் சுமந்து செல்கின்றது. பம்போ நீரைத் தள்ளுகின்றது. சுமக்கும் கருவியில் சிறு ஓட்டை இருந்தால் சில துளிகள் சிந்தும், அவ்வளவே. தள்ளும் கருவியில் இடைவெளி இருந்தால் அழுத்தமே கலைந்துவிடும். தண்டு உள்ளே செல்லவும் வேண்டும். தண்டின் பக்கமாக நீர் வெளியே வரவும் கூடாது. இறுகப் பிடித்தால் தண்டு நகராது. தளர விட்டால் நீர் நிற்காது. பம்பு பிறந்த நாள் முதல் இன்று வரை உள்ள சிக்கல் இதுவே.

நாரில் கண்ட தீர்வு

நீரை அழுத்தித் தள்ளும் பம்பை முதலில் அமைத்தவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தெசிபியசு என்பர். உருளையும் அதனுள் உந்தும் அடைப்பும் அன்றே வந்துவிட்டன. அக்கலையை வளர்த்து, படத்தோடும் அளவோடும் எழுதி வைத்தவர்களுள் தலையாயவர் அல்-ஜஸரி. தியார்பக்ரை ஆண்ட அர்துகீ மன்னர்களிடம் பொறியியலாளராய்ப் பணியாற்றிய அவர், ஹிஜ்ரி 602-இல், அதாவது கி.பி. 1206-இல், தம் பெருநூலை நிறைவு செய்தார். அறிவையும் பயனுள்ள செயலையும் ஒன்றிணைக்கும் நூல் என்பதே அதன் அரபுப் பெயரின் கருத்து. இல்மும் அமலும் ஒரே தலைப்பில் கைகோத்து நிற்கும் நூல் அது.

அதில் ஓடும் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 20 முழ உயரத்துக்கு நீரேற்றும் பொறியொன்றை அவர் விவரிக்கின்றார். நீர்ச் சக்கரம் சுழல, அதன் சுழற்சி ஒரு கோலின் முன்பின் அசைவாக மாறுகின்றது. அக்கோலின் இருபுறமும் எதிரெதிராகப் படுத்திருக்கும் இரண்டு செம்பு உருளைகள். ஒன்று நீரை உறிஞ்சும்போது மற்றொன்று வெளியே தள்ளும். இப்பொறியைப் போற்றும் நூல்கள் சக்கரத்தையும் பற்சக்கரத்தையும் பேசுகின்றன. நம் பொருளுக்கு உரியது உருளைக்குள் மறைந்திருக்கின்றது. உந்தியை இரண்டு வட்டத் தகடுகளாகச் செய்து, அவற்றின் நடுவே சணல் கயிற்றைச் சுற்றித் திணித்தார் அல்-ஜஸரி. உலோகத்தோடு உலோகம் உரசாமல், நாரே உருளைச் சுவரோடு உரசிற்று. வால்வுகள் நீர் கசியாது அமரும்பொருட்டு, அடைப்பையும் அது அமரும் இடத்தையும் குருந்தக்கல் பொடியிட்டு ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்தும் முறையையும் அவர் எழுதியுள்ளார். இன்றும் எஞ்சின் பட்டறைகளில் வால்வை அரைத்துப் பொருத்துவோர் செய்வது அதே வேலைதான்.

அவருக்குப் பின், பதினாறாம் நூற்றாண்டில், திமிஷ்கில் பிறந்து இஸ்தான்புலில் வானநூல் அறிஞராய் விளங்கிய தகியுத்தீன் ஆறு உருளைகள் கொண்ட பம்பை விவரித்தார். ஒன்றன்பின் ஒன்றாக ஆறும் இயங்குவதால் நீர் விட்டுவிட்டு வராமல் தொடர்ந்து வரும். இன்றைய உயரழுத்தப் பம்புகளில் மூன்று உருளைகள் வரிசையாக அமைவதும் இதே பயன் கருதியே.

உந்தியை விட்டுச் சுவருக்கு

இதுவரை சொன்ன பம்புகளில் நார், நகரும் உந்தியின் மேல் இருந்தது. உருளையின் உட்சுவர் முழுவதும் வழுவழுப்பாக இருந்தாலன்றி அது நில்லாது. நீண்ட உருளையை உட்புறம் சீராகக் கடைந்தெடுப்பது அந்நாளில் எளிதன்று. 1670-களில் இங்கிலாந்தில் சாமுவேல் மோர்லண்ட் என்பவர் இதைத் தலைகீழாக்கினார். நாரை உந்தியிலிருந்து எடுத்து, உருளையின் வாயில் ஓர் அறை அமைத்து அதில் நிலையாகத் திணித்தார். அவ்வறையின் வழியாக உலக்கை போன்ற ஒரு தண்டு உள்ளே சென்று வரும். உள்ளே நுழையும் தண்டு தன் பருமனுக்கு ஏற்ற நீரை வெளியே தள்ளும். இப்போது வழுவழுப்பாக இருக்க வேண்டியது தண்டின் புறம் மட்டுமே. புறத்தைக் கடைவது எளிது. தேய்வைக் கண்ணால் காண்பதும் எளிது. அத்தண்டே பிளஞ்சர், நம் சொல்லில் உலக்கை. அவ்வறையே திணிப்புப் பெட்டி. மேலிருந்து நாரை இறுக்கும் மூடியே கிளாண்ட்.

மோர்லண்டின் மாற்றத்தால் விளைந்த பெரும்பயன் ஒன்றுண்டு. பழுது ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது. வெளியிலிருந்தே கிளாண்டைக் கழற்றித் தேய்ந்த நாரை நீக்கிப் புதியதை இடலாம். உருளையைத் தொட வேண்டியதில்லை. பழுது பார்ப்பதற்கென்றே அமைக்கப்பட்ட வடிவம் இது.

1795-இல் ஜோசப் பிராமா நீரழுத்த யந்திரத்துக்கு உரிமம் பெற்றபோது சிக்கல் மீண்டும் எழுந்தது. பெரும் அழுத்தத்துக்கு நாரை இறுக்கினால் உலக்கை நகர மறுத்தது; தளர்த்தினால் நீர் பீறிட்டது. இதற்கு விடை கண்டவர் அவரிடம் தலைமைத் தொழிலாளராயிருந்த ஹென்றி மாட்ஸ்லே என்று சொல்லப்படுகின்றது. குவிந்த விளிம்புடைய தோல் வளையம் ஒன்றை, அதன் திறந்த வாய் நீரை நோக்கும்படி அவர் அமைத்தார். நீரின் அழுத்தமே விளிம்பை விரித்து உலக்கையோடு அழுத்திப் பிடித்தது. அழுத்தம் ஏறினால் பிடி ஏறும். அழுத்தம் விட்டால் பிடி தளரும். தடுக்க வேண்டிய நீரையே தடுப்பதற்குத் துணையாக்கிய அமைப்பு அது.

இதன் தத்துவத்தை அறியாத தமிழ்க் குடும்பம் இல்லை. பம்பு ஸ்டவ் எரித்த வீடுகளில், கைப்பிடியை எத்தனை முறை அழுத்தினாலும் காற்று ஏறாத நாள் ஒன்று வரும். குச்சியை உருவிப் பார்த்தால் அதன் முனையில் கிண்ணம் போன்ற தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். ஒரு துளி தேங்காய் எண்ணெயிட்டு விளிம்பை விரித்து விட்டால் ஸ்டவ் மீண்டும் சீறும். மாட்ஸ்லேயின் தோல் வளையமும் அந்த வாஷரும் ஓரினமே.

கைப்பம்பு சொன்ன கணக்கு

தோல் வாஷரின் தேய்வு ஓர் அரசின் கவலையாக மாறிய காலம் தமிழகத்திலேயே உண்டு. 1970-களில் ஆழ்துளைக் கிணறுகள் சிற்றூர்தோறும் தோண்டப்பட்டன. அவற்றுக்கென உருவான ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பு கோயம்புத்தூர் வட்டாரத்தில் சோதிக்கப்பட்டு, சென்னை ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யப்பட்டது. யுனிசெஃப் நிறுவனம் அதில் துணை நின்றது. உறுதியான பம்பு அது. ஆயினும் தரைக்கு வெகு ஆழத்தில், நீருக்குள், அதன் உந்தியில் இருந்தது ஒரு தோல் வாஷர்.

அது தேய்ந்தால் குழாய்த் தொடர் முழுவதையும் மேலே இழுத்தாக வேண்டும். அதற்கு வண்டியும் கருவிகளும் பயின்ற குழுவும் வர வேண்டும். குழு வரும்வரை ஊர்ப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊர்க் கிணற்றுக்கு நடக்க வேண்டும். வாஷரின் விலை சில ரூபாய். அதற்காக அவர்கள் நடந்த நடைக்கு எவரும் விலை எழுதவில்லை.

1983 முதல் கோயம்புத்தூர் வட்டாரத்தில் நடந்த நெடுஞ்சோதனையில் இவ்விரண்டு குறைகளும் ஆராயப்பட்டன. தோலுக்கு மாற்றாக நைட்ரைல் ரப்பர் வாஷர் பொருத்தியபோது பழுதுகளுக்கு இடைப்பட்ட காலம் நீண்டது. குழாயை அகற்றாமலே உந்தியை மட்டும் வெளியே உருவும்படி ‘மார்க் 3’ அமைக்கப்பட்டது. வளையத்தின் ஆயுளை நீட்டுவது ஒரு வழி. அதை எளிதில் மாற்ற வழி செய்வது மற்றொரு வழி. இரண்டாவது வழியே மேலானது என்று சொல்லத் தோன்றுகின்றது. ஏனெனில் எந்த வளையமும் ஒருநாள் தேயும். மாற்ற எளிதான வளையமே தவறாமல் மாற்றப்படும்.

தேய்வின் இலக்கணம்

இன்றைய தொழிற்சாலைப் பிளஞ்சர் பம்பில் வளையம் படும் பாட்டை எண்களால் அளந்து பார்க்கலாம். 40 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உலக்கை 150 பார் அழுத்தத்தில் நீரைத் தள்ளுகின்றது என்று கொள்வோம். அதன் முகத்தில் தாங்கும் விசை ஏறத்தாழ 1,900 கிலோ எடைக்குச் சமம். இத்துணை அழுத்தத்துக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே நிற்பவை விரல் தடிமனுக்கும் குறைந்த சில வளையங்களே. உலக்கை நிமிடத்துக்குப் பல நூறு முறை அவற்றின் ஊடே போய் வருகின்றது.

கசிவு சிறிதாகத் தொடங்கும், பெரிதாக முடியும். மெல்லிய இடைவெளியில் கசியும் நீரின் அளவு, இடைவெளியின் முப்படிக்கு ஏற்ப உயரும் என்பது பொறியியல் விதி. இடைவெளி இருமடங்கானால் கசிவு எண்மடங்காகும். நேற்றுச் சொட்டியது இன்று ஒழுகுவதற்கும், இன்று ஒழுகியது நாளை பீறிடுவதற்கும் இதுவே காரணம். பீறிடும் நீர் மணலையும் உப்பையும் தன்னோடு இழுத்து வந்து உலக்கையின் மேனியில் கீறலிடும். கீறல் விழுந்த உலக்கை, புது வளையத்தையும் அரம்போல் அராவித் தின்னும்.

கசிவைக் கண்டதும் கிளாண்டை இன்னும் ஒரு திருகு இறுக்குவது பலரின் வழக்கம். நார்ப் பேக்கிங்கைப் பொறுத்தவரை இது நோயை மறைக்கும் மருந்து. அவ்வகைப் பேக்கிங் துளித்துளியாகச் சொட்ட வேண்டும். அச்சொட்டே அதற்கு எண்ணெய். அதுவே அதைக் குளிர்விக்கும் நீர். முற்றிலும் உலர இறுக்கினால் நார் கருகிக் கல்லாகி, உலக்கையைத் தேய்க்கத் தொடங்கும். தேய்வதற்கென வைத்த மலிவான பொருள் தேயாமல், தேயக் கூடாத விலையுயர்ந்த தண்டு தேய்ந்து போகும்.

மாற்றும் ஒழுங்கு

பேக்கிங் மாற்றுவது ஒழுங்கு தவறாமல் செய்ய வேண்டிய பணி. முதலில் மின்னிணைப்பைத் துண்டித்துப் பூட்டிட வேண்டும். பூட்டின் சாவி வேலை செய்பவரிடமே இருக்க வேண்டும். பின்னர் குழாயில் தங்கிய அழுத்தத்தை வடிகால் வழியே வெளியேற்ற வேண்டும். நின்றுவிட்ட பம்பிலும் அழுத்தம் அடைபட்டிருக்கும். உயரழுத்த நீரின் மெல்லிய தாரை தோலைத் துளைத்து உடலுக்குள் புகவல்லது. வெளியே ஊசிக்குத்துப் போலத் தோன்றி உள்ளே விரலையே அழித்துவிடும் காயம் அது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியது.

அதன்பின் கிளாண்டைக் கழற்றி, உலக்கையை விடுவித்து, பழைய வளையங்கள் அனைத்தையும் கொக்கியால் வெளியே எடுக்க வேண்டும். அனைத்தையும் என்பது இங்கே உயிர்ச்சொல். மேலே ஒரு புது வளையத்தை மட்டும் இட்டு மூடுவது ஒட்டுப்போடும் வேலை. அடியில் இறுகிக் கல்லானவை அப்படியே இருக்க, முழுச்சுமையும் புதியதன் தலையில் விழும். பெட்டியின் உட்புறத்தைத் துடைத்து, உலக்கையின் மேனியில் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் தட்டினால் கீறல் உண்டு. அத்தகைய உலக்கையோடு புதுப் பேக்கிங்கைச் சேர்ப்பது வீண்.

பின்னிய கயிறாயின், உலக்கையின் பருமனுள்ள உருளையில் சுற்றிச் சாய்வாக வெட்டி, ஒவ்வொரு வளையமாக இட வேண்டும். ஒரு வளையத்தின் வெட்டுவாய் அடுத்த வளையத்தின் வெட்டுவாய்க்கு நேராக வரக்கூடாது. வந்தால் நீருக்கு நேர்வழி கிடைத்துவிடும். மாட்ஸ்லே வழிவந்த குவிவிளிம்பு வளையமாயின், திறந்த வாய் நீர் அழுத்தத்தை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி இட்டால் அது தடுப்பே அன்று. கயிற்றுப் பேக்கிங்கில் கிளாண்டை முதலில் கைவிரலால் இறுக்கி, பம்பை ஓட்டி, தாராளமாகச் சொட்ட விட்டு, பிறகு சிறிது சிறிதாக இறுக்கிச் சொட்டைக் குறைக்க வேண்டும். பொறுமை இல்லாதவர் முதல் கால்மணி நேரத்திலேயே புதுப் பேக்கிங்கைக் கருக்கிவிடுவர். இறுதியாக, மாற்றிய நாளையும் பம்பு ஓடிய மணிக்கணக்கையும் ஏட்டில் குறிக்க வேண்டும்.

பழைய ஆலைகளில் பணிபுரிவோர்க்கு மேலும் ஓர் எச்சரிக்கை உண்டு. நெடுங்காலம் கல்நார்க் கயிறே பேக்கிங்காகப் பயன்பட்டது. வெப்பத்தைத் தாங்கும் அதன் இழைகள் நுரையீரலுக்குள் புகுந்தால், பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். காய்ந்த பழைய கயிற்றைச் சுரண்டி எடுப்பதும், காற்றடித்துத் தூய்மை செய்வதும் கேடு தரும். 1938-இல் கண்டறியப்பட்ட டெஃப்லான் வகைப் பொருளும், கிராபைட்டும், செயற்கை நார்களும் இன்று அதன் இடத்துக்கு வந்துள்ளன.

கடற்கரையில்

மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு மீள்வோம். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க, சவ்வின் ஒருபுறம் நீரை அழுத்த வேண்டும். கடல்நீரின் இயல்பான ஊடுபரவல் அழுத்தமே ஏறத்தாழ 27 பார். அதை வென்று போதிய நன்னீர் பெற 55 முதல் 70 பார் வரை அழுத்தம் கொடுப்பது வழக்கம். 60 பார் என்பது நீரை 600 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் ஆற்றல். பேராலைகளில் இவ்வேலையைச் செய்வன பெரும்பாலும் சுழல் பம்புகள்; கப்பல்களிலும் சிறு நிலையங்களிலும் பிளஞ்சர் பம்புகளே செய்கின்றன. மருந்துக் கரைசலைத் துளி பிசகாமல் அளந்து செலுத்தும் வேலைக்கும் உலக்கை வகைப் பம்புகள் பயன்படுகின்றன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த நிலையமோ, சவ்வு முறையில் 18 லட்சம் லிட்டரும் ஆவியாக்கும் முறையில் 45 லட்சம் லிட்டரும் நாள்தோறும் தரும்படி திட்டமிடப்பட்டது.

உள்நாட்டுப் பம்பைவிடக் கடலோரப் பம்பின் வளையத்துக்குத் துன்பம் அதிகம். கசிந்த உவர்நீர் கிளாண்டின் வாயில் உலரும்போது உப்பு படிகமாகும். நின்ற பம்பை மீண்டும் ஓட்டுகையில் அப்படிகங்கள் மணல்தாள் போல வளையத்தை அறுக்கும். ஆதலால் நிறுத்துமுன் நன்னீரால் கழுவுவதும், திணிப்புப் பெட்டிக்குள் நன்னீர் செலுத்தும் வழியை அடைபடாமல் காப்பதும் இக்கடற்கரையில் இன்றியமையாத பழக்கங்கள்.

மூடி திறக்கப்படும்போது

இவ்வரலாற்றை இவ்வளவு விரித்து எழுதக் காரணம் வேறொன்று. கடற்கரையில் இனிப்பாக்கிய நீர் வீடுகளுக்குச் சென்று கழிவாகித் திரும்புகின்றது. அக்கழிவு செல்லும் குழாய்கள் அடைபடுகின்றன. அடைப்பை நீக்க நகராட்சிகளும் மாநகராட்சிகளும் ‘ஜெட்ராடிங்’ வண்டிகளை வைத்துள்ளன. வண்டியில் நீர்த்தொட்டி, நீண்ட ரப்பர்க் குழல், அதன் முனையில் துளைகள் கொண்ட தலை. இவற்றை இயக்குவது ஓர் உயரழுத்தப் பிளஞ்சர் பம்பு. அழுத்த நீர் பின்னோக்கிப் பீறிட, குழல் சாக்கடைக்குள் தானே ஊர்ந்து சென்று அடைப்பை உடைக்கின்றது. ஆள் இறங்க வேண்டியதில்லை என்பதே அவ்வண்டியின் சிறப்பு.

அந்தப் பம்பின் வளையம் தேய்ந்தால் என்ன நேரும்? அழுத்தம் குறையும். குழல் ஊர்ந்து செல்லாது, அடைப்பு உடையாது. தெருவில் கழிவுநீர் பெருகும், மக்கள் கூச்சலிடுவர், மேற்பார்வையாளர் அவசரப்படுவார். அந்நேரத்தில்தான் மூடியைத் திறந்து ஒரு மனிதனை உள்ளே இறக்கும் பழைய கொடுமை மீண்டும் தலைகாட்டும். சாக்கடைக்குள் தேங்கிய நச்சுவாயு சில மூச்சுகளிலேயே அவனை வீழ்த்தும். காப்பாற்ற இறங்கியவனும் அங்கேயே வீழ்வான்.

இத்தகைய பணியில் மனிதரை ஈடுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் நிறைவேறி, அவ்வாண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. 1993 முதல் சாக்கடையில் இறந்தோர் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வழங்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014 மார்ச் 27 அன்று ஆணையிட்டது. 2023 அக்டோபர் 20 அன்று அத்தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தீர்ப்புகள் வந்த பின்னும் சாவுகள் முற்றும் நின்றபாடில்லை. இறந்தோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட குடிகளைச் சேர்ந்தவர். கவலைக்குத் தோல் தைத்து ஊருக்கு நீர் தந்த கைகளையும், அந்நீரின் கழிவை அள்ளுமாறு பணிக்கப்பட்ட கைகளையும் தமிழ்ச் சமூகம் இந்த அடித்தட்டிலிருந்தே எடுத்துக்கொண்டது என்பதை நம் வரலாறு மறைக்க முடியாது.

சாதிக் கொடுமைக்கு வளையம் மருந்தாகாது. அது மனித மனத்தில் மாற வேண்டியது. எனினும் பொறி இருந்தும் மனிதன் இறக்கப்படுவதற்குச் சொல்லப்படும் சாக்குகளுள் ஒன்று, ‘வண்டி பழுது’ என்பது. அந்தச் சாக்கை இல்லாமல் ஆக்கும் வேலை அரைநாளில் முடியக் கூடியது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாற்றுப் பேக்கிங் தொகுதி, அதை மாற்றப் பயின்ற இரண்டு கைகள், மணிக்கணக்கு எழுதும் ஓர் ஏடு ஆகிய மூன்றும் போதும். குடிநீர் வாரியங்களும் ஊராட்சிகளும் புதுப் பொறி வாங்கும் நாளில் மாலையிட்டுப் படம் எடுக்கின்றன. அப்பொறிக்கான மாற்று வளையங்கள் கிடங்கில் உள்ளனவா என்று உறுப்பினர் ஒருவராவது மன்றத்தில் எழுந்து கேட்பது, அம்மாலையினும் மேலான பணி. வாக்களிக்கும் குடும்பங்களாகிய நாமும் அதைக் கேட்கலாம்.

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் செம்பு உருளைக்குள் சணல் திணித்த அல்-ஜஸரி, அறிவும் செயலும் இணைய வேண்டுமென்று நூலுக்குப் பெயரிட்டார். வளையம் ஏன் தேய்கின்றது என்பது அறிவு. தேய்ந்ததை உரிய நாளில் கழற்றி எறிந்து புதியதை இடுவது செயல். முன்னது நூல்களில் நிரம்ப இருக்கின்றது. பின்னது பட்டறையில் கை கறுக்க உழைப்பவரிடம் இருக்கின்றது. அவருக்கு உரிய கருவியும் நேரமும் கூலியும் மதிப்பும் தருவது நம் அனைவர்மீதும் இருக்கின்றது.